சித்திரையில் பனி

தை மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை, தஞ்சாவூர் வார இதழின் கட்டு திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது, சணல் கயிற்றை அறுக்கும்வரைகூட இராஜாங்கத்தால் பொறுத்திருக்க முடியவில்லை. கட்டின் ஓரத்திலிருந்து ஒரு பிரதியை உருவி, நின்றபடியே பக்கங்களைத் தள்ளினான். பதினான்காம் பக்கத்தில் அவன் பெயர் இருந்தது. அதன்மேல், பனிமூட்டத்துக்குள் முகம் தெரியாமல் ஏர் பிடித்துச் செல்லும் ஓர் உருவத்தின் ஓவியம். கீழே கொட்டை எழுத்தில்: "யார் அந்த உழவர்? பன்னிரண்டாம் வாரம் வரை பொறுத்திருங்கள்!"

"பதில் உங்களுக்காவது தெரியுமா, இல்ல நீங்களும் பன்னெண்டாவது வாரந்தான் தெரிஞ்சுக்குவீங்களா?" என்றார் மீரா உசேன். பேருந்து நிலையத்தை ஒட்டி அச்சகம் வைத்திருப்பவர். அதன் முகப்பிலேயே பத்திரிகைகளும் விற்பார்.

"தெரியும் பாய்," என்றான் இராஜாங்கம். சொன்ன வேகத்தில் முகம் சுருங்கியது.

ஏர் பூட்டியவரைத் தவிர ஊரில் அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்பதே அதற்குக் காரணம்.

முந்தைய ஆண்டு சித்திரையில் நடந்தது அது. நல்ல நாள் பார்த்து அந்த ஆண்டின் முதல் ஏரைப் பூட்டுவதை நல்லேர் என்பார்கள். நடவும் களையும் கூலிக்குச் செய்பவர் பலர். நல்லேர் மட்டும் அந்த நிலத்தைச் சாகுபடி செய்யும் வீட்டாரோ அவர்கள் பண்ணையாளோதான் பூட்டுவார்கள். கீழமருதங்குடியில் சாலையோரத்தில் ஒன்றேகால் ஏக்கர் சொச்சம் வரும் நான்கு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதுவந்த இளையபெருமாள் மாசியில் இறந்திருந்தான். எழுத்தில்லாத குத்தகை. பிள்ளை இல்லை. அவன் மனைவி அம்சத்தின் தம்பி கோடியக்கரை உப்பளத்தில் வேலை செய்தான், சொல்லியனுப்பியும் வரவில்லை. பெண் கலப்பையைத் தொட்டால் மழை வராது என்று நம்பும் ஊரில், அதுவும் கணவனை இழந்து நாற்பது நாளே ஆனவள், கருக்கலில் ஒருவர் கண்ணிலும் படக்கூடாதென்று கணவனின் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு தானே ஏர் பூட்டி மூன்று உழவுச் சால் ஓட்டினாள். விடிந்ததும் ஊர் அந்த உழவுச் சால்களைப் பார்த்தது, ஓட்டியவரைப் பார்க்கவில்லை.

அந்த நிலத்துக்கு எதிரே முதல் பேருந்துக்காக நின்றிருந்த உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியன் இராஜாங்கம் பார்த்தான். "யாருகிட்டயும் சொல்லாதீங்க சார்" என்றாள் அவள். தலையசைத்தான்.

இரண்டே மாதத்தில் அதை நாவலாக எழுதத் தொடங்கினான். முதல் வரி இப்படி இருந்தது: "இளையபெருமாள் இறந்த நாற்பத்தோராம் நாள், அவன் மனைவி அம்சம் தானே ஏர் பூட்டினாள்." அச்சுக்குப் போகும்போது பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆசிரியர் கையெழுத்துப் படியைத் திருப்பியனுப்பினார். முதல் தாளின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தார்: "முதல் வரியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் இரண்டாம் வாரம் வாசகர் எதற்காகக் கடைக்கு வரவேண்டும்? பெயரை எடுக்கவும். ஆணா பெண்ணா என்பதையும் எடுக்கவும். வேறொருவர்மீது ஐயம் விழட்டும். 28.6.72."

நான்கு மாதம் அந்தக் குறிப்போடு மனத்துக்குள் சண்டையிட்டான். கார்த்திகையில் தோற்றான். பெயர் போயிற்று. பெண் போனாள். முகம் தெரியாமலிருக்கப் பனி வந்தது. ஐயம் விழுவதற்கு ஒரு துண்டு வந்தது. கறுப்பு சிவப்புக் கரை போட்ட துண்டு. கட்சி இரண்டான பிறகு கீழமருதங்குடியில் எல்லாரும் கரையை மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் மாற்றவில்லை: இராஜாங்கத்தின் தாய்மாமன் துரைராசுவின் பண்ணையில் வேலை செய்யும் ஐயாவு. எழுதும்போது கைக்கு அருகில் கிடந்த மனிதர் அவர்தான். அந்த நான்கு மாவும் துரைராசுவின் நிலம்தான்.

*

திங்கட்கிழமை காலை கீழமருதங்குடி நிறுத்தத்தில், தேநீர்க்கடை பஞ்சநதம் இதழை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்த சுவரில் பழைய கட்சி எழுத்தின்மேல் புதிய கட்சி எழுத்து. இரண்டும் பாதிப் பாதி தெரிந்தன.

"'சித்திரை மாதத்துப் பனி முழங்காலளவு நின்றது.' ஏன்டா ஐயாவு, சித்திரையில பனியாம்! வாத்தியாருக்கு வேர்வையும் பனியும் ஒண்ணாத் தெரியுது போல."

"எழுதறவங்களுக்கு எந்த மாசமும் பனி பெய்யும். நீ மேல படி. துண்டு வருதே, அந்த எடத்தப் படி."

"நாலு தடவ படிச்சாச்சு."

"அஞ்சாந் தடவ படிச்சா வாயா வலிக்கும்?"

பஞ்சநதம் படித்தார். ஐயாவு தம் தோளிலிருந்த துண்டை உதறிக் கரை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டார்.

"அப்ப நெசமா அது நீதானா?"

"நானா இருந்தா உனக்கு என்ன? பத்திரிகையில வந்தவன் நான். டீ ஆத்திக்கிட்டு நிக்கிறவன் நீ."

எல்லாரும் சிரித்தார்கள். இராஜாங்கமும் சிரிக்க முயன்றான். அப்போது எதிர் வயலிலிருந்து வரப்பில் ஏறி, கதிர் அரிவாளை இடுப்பில் செருகியபடி அம்சம் சாலைக்கு வந்தாள். அறுப்புக்கு நான்கு நாள் இருந்தது. கடையைத் தாண்டி, அவன் நின்ற புளியமரத்தடிக்கு வந்து நின்றாள்.

"சார், ஒரு நிமிசம். பஸ்சு வந்தாப் போயிடுங்க, அதுக்குள்ள கேட்டுடறேன். என் ஏரத் தூக்கி ஐயாவண்ணன் கையில குடுத்துட்டீங்களே?"

"அது கதைம்மா."

"கதைதான். படிக்கத் தெரியாத எனக்கே ரெண்டு பேரு படிச்சுக் காட்டிட்டாங்க. உங்க மாமா வூட்டு ஆளு மூணு புஸ்தகம் வாங்கிட்டுப் போயிருக்கு. மாசி எட்டாந்தேதி ஆபீசரு முன்னாடி காட்டத்தானே?"

ஐப்பசியில் அவள் தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தாள், மாசி எட்டில் விசாரணை. குத்தகைதாரர் பெயர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. தன் பெயரையும் எழுதிக்கொள்ளவேண்டும் என்று கேட்டாள். சொந்த உடலுழைப்பில் சாகுபடி செய்தவர் என்று காட்டினால்தான் பெயர் ஏறும். இல்லையென்றால் அவள் அந்த நிலத்தில் கூலியாள். அறுப்பு முடிந்ததும் வரப்பைவிட்டு இறங்கவேண்டியதுதான்.

"நல்லேர் யாரு பூட்டுனான்னு கேப்பாங்களாம். நான் சொன்னா நம்பமாட்டாங்க, என் கேசு. பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

"ஊர் பேசுமே. யாரிடமும் சொல்லாதீங்கன்னு…"

"அன்னிக்குச் சொன்னேன். இன்னிக்கு வந்து சொல்லுங்கன்னு கேக்கறேன். ஊரு பேசுனா நாலு நாளு பேசும். நாலு மாவும் போச்சுன்னா நான் எங்க போயி நிக்கறது?"

அவன் சாலையைப் பார்த்தான். பேருந்து இன்னும் வளைவில் தெரியவில்லை. "பன்னிரண்டாம் வாரத்துல எல்லாம் வெளிய வந்துடும்மா. அதுல தெளிவா எழுதப்போறேன்."

"பன்னெண்டாவது வாரம்னா எப்ப?"

"சித்திரை."

"மாசி எட்டுக்கு அப்புறமா?"

"ஆமா."

"அப்ப அது எனக்கு எதுக்கு சார்?" என்றாள் அம்சம்.

பேருந்து வந்தது. அவன் ஏறிக்கொண்டான். இடம் இருந்தும் உட்காரவில்லை.

*

துரைராசு தம் வீட்டு முற்றத்தில் காயவைத்த விதைநெல்லைக் காலால் அளைந்துகொண்டிருந்தார். இராஜாங்கத்துக்கு எட்டு வயதில் தாய் இறந்தபிறகு வளர்த்தவர் அவர். இன்றும் கொல்லைப்புறத்து இரண்டு அறைகளில்தான் அவன் குடியிருந்தான்.

"வா மாப்ளே. வக்கீலு ஒன் எழுத்த ரொம்ப ரசிச்சாரு. ஒரு பானையில பனிய வச்சு மூடுன மாதிரி இருக்குன்னாரு."

"மாமா, அந்தக் கதையை நீங்க…"

"இரு. எனக்கு நாலு மாசமா ஒரே எடத்துல தொண்டையில முள்ளு. நல்லேர் யாரு பூட்டுனான்னு கேட்டா என்னத்தச் சொல்றது? எனக்குந்தான் தெரியாதே. எவனோ பூட்டிட்டுப் போயிட்டான். இப்பப் பதில் கெடச்சிருச்சு. ஐயாவு. என் ஆளு, என் மாடு, என் சாகுபடி."

"அது கற்பனை."

"கற்பனையாவே இருக்கட்டுமே! நீ அன்னிக்கு ஆபீசுப் பக்கம் வராத. வக்கீலு படிச்சுக் காட்டுவாரு, ஆபீசரு கேட்டுக்குவாரு. நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்ல."

"உண்மையைச் சொல்ல வேண்டாமா?"

துரைராசு நெல்லை அளைவதை நிறுத்தினார். "அத யாரு கேட்டா?" பிறகு மென்மையாகச் சொன்னார்: "ஒன்ன வளத்ததெல்லாம் நான் சொல்லிக் காட்டறதில்ல மாப்ளே."

அவர் சொல்லிக் காட்டியதில்லை என்பது உண்மை. அந்தச் சொல்லாமையின் நடுவேதான் அவன் இருபத்தைந்து ஆண்டு சோறு தின்றிருந்தான்.

அன்றிரவு அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் பத்தாம் வகுப்பில் ஒரே செய்யுளை இரண்டு முறை நடத்தினான். பிள்ளைகள் சொன்னபோதுதான் தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டாம் அத்தியாயமும் ஆசிரியரின் கடிதமும் ஒன்றாக வந்தன. வாசகர் கடிதங்கள் மூட்டையாக வருவதாகவும், உழவர் யார் என்று எல்லா ஊரிலும் கேட்பதாகவும், பன்னிரண்டாம் வாரத்துக்கு முன் இரகசியம் கசிந்தால் தொடரை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். பதினோராண்டு முயற்சியில் அவனுக்குக் கிடைத்த முதல் தொடர் அது.

நாவலாசிரியர்கள் முதல் அத்தியாயங்களில் எதை மறைக்கிறார்கள் என்று அவன் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்கக் குறித்துவைத்திருந்தான். சிலர் முகத்தை மறைப்பார்கள். சிலர் காலத்தை மறைத்து, நடந்து முடிந்ததன் கடைசித் துண்டை முன்னால் வைப்பார்கள். சிலர் ஒரு பொருளை மட்டும் காட்டி, அது யாருடையது என்று சொல்லமாட்டார்கள். வாசகருக்கும் எழுதுபவருக்கும் இடையே ஒரு வாக்கு இருப்பதால்தான் இவையெல்லாம் செல்லுபடியாகின்றன என்று அவனே எழுதியிருந்தான்: எனக்குத் தெரியும், உரிய இடத்தில் சொல்வேன், நம்பி வா. வாசகருக்குக் கொடுத்த அந்த வாக்கை அவன் காப்பாற்றிவிடுவான். பன்னிரண்டாம் வாரம் வரை காத்திருக்க முடியாத ஒருத்தி கதைக்கு வெளியே நிற்பாள் என்பதற்கு அந்த நோட்டில் ஒரு குறிப்பும் இல்லை.

*

மாசி ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே அச்சகத்துக்குப் போனான். மீரா உசேன் எழுத்துப் பெட்டியின் முன் குனிந்து அச்சு கோத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வெசாரணை. போறீங்களா?"

"போனா கதை செத்துடும் பாய்."

"போவலன்னா?"

இராஜாங்கம் மைத் தகர டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடினான்.

"வாத்தியாரே, ஒண்ணு சொல்லவா? எனக்கு மொத வாரமே தெரிஞ்சுபோச்சு. அது பொம்பள."

அவன் கை நின்றது. "எப்படி?"

"துண்டு மூணு தடவ அவுறுதே! முண்டாசு கட்டிப் பழகுன ஆம்பளைக்கு அப்பிடி அவுறாது. துண்டு ஒருத்தரோடது, கட்டுனவங்க வேற ஒருத்தர். எட்டு வரி பனியப் போட்டு மூடிட்டு, ஒரு வரியில கதவத் தொறந்து வச்சுட்டீங்க."

அந்த வரியை அவன் முதல் படியிலிருந்து அப்படியே எடுத்திருந்தான். எல்லாவற்றையும் மாற்றியவன் அதை மட்டும் மாற்றவில்லை. அவள் ஒரு கையால் கலப்பையின் மேழியையும் மறுகையால் நழுவும் துண்டையும் பிடித்தபடி போனதை அவன் கண்ணால் பார்த்திருந்தான். கண்ணால் பார்த்ததை அடிக்கக் கை வரவில்லை. புதிதாகச் சேர்த்த பனியையும் கரையையும் ஊர் கேலி செய்தது, அல்லது நம்பிக் கெட்டது. பழைய வரி ஒன்றுதான் தன் வேலையைச் செய்திருந்தது.

"நான் போய்ச் சொன்னாலும் வக்கீல் விடமாட்டார்," என்றான். "அச்சுல ஒண்ணு எழுதிட்டு வாயால ஒண்ணு சொல்றியான்னு கேப்பார். அந்தம்மா சொல்லிக்கொடுத்துச் சொல்றேன்னு சொல்வார். முதல் படி இருந்தாலாவது…"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திரும்பி வந்த கோவத்துல, 'பின்பக்கம் காலியாத்தானே இருக்கு, புரூஃப் போட்டுக்குங்க'ன்னு எங்கிட்ட எறிஞ்சுட்டுப் போனது யாரு?"

மூலையில் கிடந்த பழைய புரூஃப் தாள்களை இழுத்துப் போட்டுத் தேடினார்கள். கையெழுத்துப் படியின் ஒன்பதாம் தாளின் பின்புறம் ஒரு கோயில் திருவிழா அறிவிப்பு இருந்தது. பதினாறாம் தாளில் கருமாதிப் பத்திரிகை. இருபதில் மாட்டுச் சந்தை. இடையில் பல தாள்கள் அடுப்புக்கும் மைத் துடைப்புக்கும் போயிருந்தன. முதல் தாள் மட்டும் இல்லை. இராஜாங்கம் குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்தான். விரலெல்லாம் மையாயிற்று. எழுந்து நின்றான், மறுபடி உட்கார்ந்தான், பார்த்த கட்டையே மறுபடி பிரித்தான்.

மீரா உசேன் சட்டென்று தலையில் கை வைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்து, அடியில் துணி சுற்றி வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். அவர் மகள் கமருன்னிஸாவின் திருமண அழைப்பிதழுக்கு முதன்முதலாக எடுத்த புரூஃப். "நிக்காஹ், 20.8.1972" என்ற தேதி பெரிதாக இருந்தது. திருப்பினார். மறுபக்கத்தில் இராஜாங்கத்தின் கையெழுத்து. "இளையபெருமாள் இறந்த நாற்பத்தோராம் நாள்…" ஓரத்தில் சிவப்புப் பென்சில்.

"எம் பொண்ணு பேர மொதல்ல அச்சுல பாத்த தாளு. அதான் எடுத்து வச்சேன். பின்னாடி என்னன்னு நெனப்பே இல்ல." அவர் அதைக் கொடுக்காமல் கையில் வைத்திருந்தார். "ஆபீசுல குடுத்தாத் திரும்பி வருமா?"

"தெரியல பாய். பெரும்பாலும் வராது."

மீரா உசேன் மகளின் பெயர்மீது ஒரு முறை விரலோட்டிவிட்டுத் தாளை நீட்டினார்.

*

தாலுகா அலுவலகத் தாழ்வாரத்தில் அம்சம் தூணோரம் நின்றிருந்தாள். அவனைக் கண்டதும் அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. முந்தானையை மட்டும் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்," என்றான். "போன வருஷம், பார்த்த ரெண்டு மாசத்துலயே எழுதிட்டேன். பேரோட. உங்க பேரு, அவரு பேரு, எல்லாம். பத்திரிகைக்கு அனுப்பினேன். அவங்க வேணாம்னு திருப்பிட்டாங்க."

அம்சத்துக்கு அது புரியச் சற்று நேரமாயிற்று. அவன் அவளை "உங்க" என்று சொன்னதும் அதுதான் முதல் முறை.

"சொல்லாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேனே சார்?"

"ஆமா."

"ரெண்டு மாசங்கூடப் பொறுக்கலையா?"

அவள் சினத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்ளிருந்து அவள் பெயரை அழைத்தார்கள். இரண்டடி நடந்தவள் திரும்பாமலே கேட்டாள்: "அந்தக் காயிதம் இப்ப கையில இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வாங்க."

அலுவலர் இளைத்த உடலும் களைத்த கண்களும் கொண்டவர். அன்றைக்கு அது அவருக்கு ஒன்பதாவது விசாரணை. துரைராசுவின் வழக்கறிஞர் எழுந்து, வார இதழை விரித்து, முதல் அத்தியாயத்தை ஏற்ற இறக்கத்தோடு படித்தார். பனி வந்த இடத்தில் அலுவலர் நிமிர்ந்தார்.

"சித்திரையிலயா?"

"இலக்கியம்ங்க," என்றார் வழக்கறிஞர். "ஆனா துண்டு நிஜம். துண்டுக்காரர் இதோ இருக்கார்."

ஐயாவு முன்னால் வந்து நின்றார். தோளில் அந்தத் துண்டு, துவைத்து மடித்தது.

"நல்லேர் அன்னிக்கு அந்த நெலத்துல ஏர் பூட்டினது நீங்களா?"

ஐயாவு துரைராசுவைப் பார்த்தார். பிறகு இதழைப் பார்த்தார். "புஸ்தகத்துல நாந்தான்னு போட்டிருக்குங்களே ஐயா."

"புஸ்தகத்த விடுங்க. நீங்க பூட்டினீங்களா?"

"படிச்சவங்க எழுதியிருக்காங்க. தெரியாமலா எழுதுவாங்க?"

அறையில் சிரிப்பு எழுந்தது. ஐயாவு மட்டும் சிரிக்கவில்லை. தாம் கேட்டது சரியான கேள்வி என்பதுபோல அலுவலரின் பதிலுக்குக் காத்திருந்தார். இராஜாங்கத்துக்கு அந்தக் காத்திருப்பைப் பார்க்க முடியவில்லை.

அவன் முறை வந்தது. "அன்று விடிவதற்கு முன்," என்று தொடங்கினான், "சாலையில் ஒருவருமில்லை. கிழக்கே வெளிறத் தொடங்கியிருந்தது. எதிர் வயலில் ஏதோ அசைவது போல…"

"சார்," என்று அலுவலர் பேனாவை வைத்தார். "மொதல்ல யாருன்னு சொல்லுங்க. கெழக்கு வெளுக்கறத அப்புறம் எழுதிக்கறேன்."

இராஜாங்கம் நின்றான். பின்வரிசையில் மாமா உட்கார்ந்திருப்பதை முதுகில் உணர்ந்தான். இவ்வளவு நாளும் தன்னைத் தடுத்தது கலை என்றே எண்ணியிருந்தான். மறைக்க வேறு எத்தனையோ முகங்கள் இருக்க, மாமாவின் நிலத்தில் நின்ற முகத்தை மறைக்கச் சொன்ன குறிப்புக்கு மட்டும் ஏன் அத்தனை ஒழுங்காகப் பணிந்தான் என்பது அந்த நொடியில் தெரிந்தது.

"அம்சம்," என்றான். "இளையபெருமாள் இறந்த நாற்பத்தோராம் நாள், அவர் மனைவி அம்சம் தானே ஏர் பூட்டினாங்க. மூணு சால் ஓட்டினாங்க. நான் பார்த்தேன்."

வெளியே சன்னல் கம்பியைப் பிடித்து நின்ற கீழமருதங்குடிக்காரர் ஒருவர், "பொம்பளையா ஏர் புடிச்சது?" என்று உரக்கவே கேட்டார். அம்சம் சன்னல் பக்கம் திரும்பி, "ஆமா, நாந்தான்" என்றாள்.

வழக்கறிஞர் விடவில்லை. "அப்போ பத்திரிகையில எழுதினது பொய்?"

"கதை."

"இப்போ சொல்றது?"

இராஜாங்கம் தாளை எடுத்துக் கொடுத்தான். அலுவலர் முதல் வரியைப் படித்தார். சிவப்புக் குறிப்பைப் படித்தார். தாளைத் திருப்பினார், திருமண அழைப்பிதழைக் கண்டு விழித்தார்.

"இது என்ன?"

"அச்சகத்தார் வீட்டுக் கல்யாணம். இந்தத் தாளோட பின்பக்கத்துலதான் புரூஃப் எடுத்தாங்க. தேதியப் பாருங்க."

"ஆகஸ்டு இருபது," என்றார் அலுவலர். கோப்பைப் புரட்டினார். "மனு வந்தது அக்டோபர் கடைசி." வழக்கறிஞர் பக்கம் திரும்பினார். "வக்கீல் சார், கேசு போடறதுக்கு நாலு மாசம் முன்னாடி, 'இந்தப் பேரை எடு'ன்னு ஒருத்தர் சிவப்புல எழுதியிருக்கார். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதின மாதிரி எனக்குத் தோணல." தாளைக் கோப்பில் வைத்துக் கட்டினார்.

வெளியே வந்தபோது துரைராசு காருக்குப் பக்கத்தில் நின்றார். இராஜாங்கத்தை ஏறச் சொல்லவில்லை. ஐயாவு முன்னிருக்கையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

*

பங்குனியில் உத்தரவு வந்தது. நான்கு மாவுக்கும் குத்தகைதாரர் என்று அம்சத்தின் பெயர் பதிவாயிற்று. துரைராசு மேல்முறையீடு செய்தார். இராஜாங்கம் அதற்கு முன்பே தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு அச்சகத்தின் மாடிக்குக் குடிவந்திருந்தான். போகும்போது மாமா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. விசாரணைச் செய்தி ஒரு நாளிதழின் உள்பக்கத்தில் வந்தபின், வார இதழ் ஆறாம் அத்தியாயத்தோடு தொடரை நிறுத்திக்கொண்டது. கமருன்னிஸாவின் தாள் திரும்பி வரவில்லை.

அவன் மறுபடி முதல் அத்தியாயம் எழுதினான். பெயரை முதல் வரியில் வைத்தான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் எழுதி முடித்துப் படித்தபோது முன்னைவிட நிலைகொள்ளாமல் இருந்தது. ஏர் பூட்டியவள் யார் என்று தெரிந்துவிட்டது. இனி அவளை இந்த ஊர் என்ன செய்யும் என்பது அவனுக்கே தெரியவில்லை. இரண்டாம் அத்தியாயத்தை அவனால் தொடங்க முடியவில்லை.

சித்திரையில் கோடைமழை ஒன்று பெய்தபின் ஊரில் நல்லேருக்கு நாள் குறித்தார்கள். அன்று முதல் பேருந்தில் கீழமருதங்குடிக்குப் போய் இறங்கினான். வெளிச்சம் வந்திருந்தது. வழக்கமாக நிலத்து வீட்டாரின் ஏருக்குப் பின்னால் அதே வயலில் அண்டை வயல்காரர்கள் நாலைந்து ஏர்களை வரிசையாகக் கட்டி ஓட்டுவார்கள். அம்சம் தலையில் ஒன்றும் சுற்றாமல், மாடு பூட்டிய ஏரோடு தனியாக வரப்போரம் நின்றாள். தேநீர்க்கடையில் பேச்சு நின்றிருந்தது. பஞ்சநதம் ஆற்றிய டீயையே மறுபடி ஆற்றினார்.

"ஏரோட வரச் சொல்லி எத்தினி பேருகிட்டச் சொன்னீங்க?" என்று கேட்டான் இராஜாங்கம்.

"எல்லாருகிட்டயுந்தான். பாப்போம்னாங்க." அவள் மாட்டின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திவிட்டாள், மறுபடி இறுக்கினாள். "மழை வரலன்னா என்னையத்தான் சொல்வாங்க. வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சூரியன் பனைகளின் தலைக்கு மேலே வந்தது. நல்ல நேரம் முடியக் கொஞ்சந்தான் இருந்தது. அப்போது கிழக்கு வரப்பின் கோடியில் ஒரு சோடி மாட்டை ஓட்டியபடி, தோளில் கலப்பையோடு ஓர் ஆள் தெரிந்தார். எதிர்வெயிலில் முகம் கறுத்திருந்தது. இந்த வயலுக்கு வருகிறாரா, தாண்டி அடுத்த வயலுக்குப் போகிறாரா என்பதும் விளங்கவில்லை.

அம்சம் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "யாரு சார் அது? உங்களுக்குத் தெரியுதா?"

இராஜாங்கம் வரப்பின் விளிம்புவரை போய்க் கண்ணை இடுக்கினான்.

"தெரியலம்மா."

அவள் இன்னும் ஒரு நொடி பார்த்தாள். பிறகு மேழியை அழுத்திப் பிடித்து, மாட்டை அதட்டி, முதல் சால் ஓட்டத் தொடங்கினாள்.